தனியார் கிளவுடில் ஹோஸ்ட் சேரவில்லையா? மறுபடி ஓஎஸ் போடுவதற்கு முன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் மாடியறை. அங்கே மூன்று ரேக் சர்வர்கள். மூன்றையும் ஒரே தொகுப்பாக்கி, அவற்றின் மேல் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டுவதுதான் அவர்களுடைய தனியார் கிளவுட்; அதில் சேரும் ஒவ்வொரு சர்வரும் ஒரு ஹோஸ்ட். இரண்டு ஒழுங்காக ஓடுகின்றன. எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்த மூன்றாவது மட்டும் கிளவுடில் சேர மாட்டேன் என்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, மூணு தடவை ஓஎஸ் போட்டுட்டேன். நாலாவது தடவையும் போட்டுப் பாக்கட்டுமா?" வேண்டாம், அப்படியே வையுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அல்சூரில் மெட்ரோ ஏறினேன். மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறும்வரை எனக்கு ஒரே கவலைதான்: போய்ச் சேர்வதற்குள் அவர் மறுபடியும் டிஸ்க்கை அழித்துவிடக் கூடாது. அழித்துவிட்டால் நடந்ததை எல்லாம் பதிந்து வைக்கும் லாக்கும் போய்விடும்.

அந்த சர்வருக்கு என்ன ஆனது என்பதைக் கீழே அதன் இடம் வரும்போது சொல்கிறேன். அன்று நான் போன வரிசையைத்தான் இங்கே வழிகாட்டியாக எழுதியிருக்கிறேன். கிளவுடை நிர்வகிக்கும் அப்பாச்சி கிளவுட்ஸ்டாக், விஎம்களை ஓட்டும் கேவிஎம், ஓஎஸ்ஸாக உபுண்டு மூன்றையும் வைத்து எழுதியது. 2023 நவம்பரில் பிராட்காம், விஎம் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை வாங்கி லைசென்ஸ் முறையை மாற்றிய பிறகு, இந்த வழியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஓப்பன்ஸ்டாக்கோ வேறு எதுவோ வைத்திருப்பவர்களுக்கும் கீழிருந்து மேலே போகும் இந்த வரிசை பொருந்தும். சேவைகளின் பெயரும் போர்ட் எண்ணும்தான் மாறும்.

தொடுவதற்கு முன்

ஹோஸ்ட்டைச் சேர்க்கும்போது திரையில் வருகிற "ஹோஸ்ட்டைச் சேர்க்க முடியவில்லை" என்ற வரியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி எங்கே அறுந்தது என்பது லாக்கில்தான் இருக்கும். பார்க்க வேண்டிய லாக் இரண்டு. கிளவுட் முழுவதையும் நடத்தும் மேனேஜ்மென்ட் சர்வரின் லாக் ஒன்று, ஹோஸ்ட்டில் இருந்து அதோடு பேசும் ஏஜென்ட் என்ற நிரலின் லாக் இன்னொன்று. இரண்டுமே வார் லாக் ஃபோல்டருக்குள் கிளவுட்ஸ்டாக் என்ற பெயரில் இருக்கும். இரண்டு டெர்மினல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டு லாக்கும் ஓடும்படி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் 'ஆட் ஹோஸ்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். ஏஜென்ட் லாக்கில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் ஏஜென்ட் வரைக்கும் விஷயம் போகவே இல்லை. மேனேஜ்மென்ட் சர்வர் தொலைவிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச்சிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏஜென்ட் லாக் ஓடுகிறது, மேனேஜ்மென்ட் லாக்கில் சத்தமே இல்லை என்றால் ஏஜென்ட்டால் திரும்பி வர முடியவில்லை. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஜாவாவின் பிழைச் செய்தி நீளமாக வரும். கடைசி வரியைப் படித்துவிட்டுத் தேடப் போகாதீர்கள். மேலே ஏறி, நேரத்தின்படி முதலில் வந்த எச்சரிக்கை எது என்று பாருங்கள்.

இன்னொன்று: ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். ஃபயர்வாலை நிறுத்தி, பிரிட்ஜை (விஎம்களை நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) மாற்றி, ரீபூட்டும் செய்த பிறகு சரியாகிவிட்டால், எது சரி செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த ஹோஸ்ட்டில் இதே பாடு மறுபடியும் படவேண்டியிருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணி, செய்தது, நடந்தது என மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்.

சர்வர் தயாரா?

கேவிஎம் 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் பிராசசரின் உதவி வேண்டும். இன்டெல்லில் அது விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். பழைய சர்வர்களில் இது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். 'எல்எஸ்சிபியு' கமாண்டின் வெளியீட்டில் விர்ச்சுவலைசேஷன் என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த வரி வந்தால் மட்டும் போதாது. பிராசசருக்கு வசதி இருக்கிறது என்றுதான் அது சொல்லும், பயாஸ் அனுமதித்திருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்லாது. கெர்னல் செய்திகளில் 'கேவிஎம், டிசேபிள்டு பை பயாஸ்' என்று ஒரு வரி இருந்தால் விஷயம் முடிந்தது. பயாஸுக்குள் போய் ஆன் செய்து, சேமித்து, ரீபூட் செய்வதோடு விடாமல் மின்சாரத்தையே துண்டித்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். சில பழைய போர்டுகளில் வெறும் ரீபூட்டுக்கு இந்த மாற்றம் அமலாகாது.

கேவிஎம்மை இயக்கும் லிப்விர்ட் என்ற சேவையோடு வருகிற 'விர்ட் ஹோஸ்ட் வேலிடேட்' என்ற கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். வரிசையாகப் பாஸ், வார்ன், ஃபெயில் என்று காட்டும். ஐஓஎம்எம்யு பற்றிய எச்சரிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டையோ நெட்வொர்க் கார்டையோ நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்குத்தான் அது தேவை.

பழகிப் பார்ப்பதற்காக ஒரு விஎம்முக்குள்ளேயே ஹோஸ்ட்டை அமைக்கிறீர்களா? அப்படியானால் வெளியே இருக்கும் நிஜ சர்வரில் நெஸ்டட் வசதி ஆனாகி இருக்க வேண்டும். அதோடு அந்த விஎம்முக்கு ஹோஸ்ட்டின் பிராசசரையே காட்டும் முறையும் தேர்வாகி இருக்க வேண்டும். லினக்ஸ் 4.20 முதல் நெஸ்டட் தானாகவே ஆன். இரண்டாவதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள்.

கடிகாரமும் அடையாளமும்

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள்.

கிளவுட்ஸ்டாக் 4.11 முதல் மேனேஜ்மென்ட் சர்வரே ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் சான்றிதழ் கொடுக்கிறது. ஏஜென்ட் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பேசும். செகண்ட் ஹேண்ட் சர்வரில் போர்டின் மேல் காசு போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்த ஹோஸ்ட்டின் கணக்கில் இன்று கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. லாக்கில் எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் தோற்றது என்று மட்டும் வரும், கடிகாரம் என்ற வார்த்தையே வராது. பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனியைப் போடுங்கள், எல்லா ஹோஸ்ட்டும் மேனேஜ்மென்ட் சர்வரும் ஒரே நேர சர்வரைப் பார்க்கும்படி வையுங்கள்.

முன்பு விண்டோஸ் ஓடிய சர்வர் என்றால் வன்பொருள் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கும். லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். இரண்டு லாக்கையும் ஒப்பிடும்போது நேரம் ஒத்துவராமல் குழம்புவது இதனால்தான்.

அடுத்தது பெயர். ஹோஸ்ட்டின் முழுப் பெயர், டொமைனோடு சேர்த்துக் கேட்டால், வர வேண்டும். வரவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுங்கள். 127.0.1.1 என்ற உள் முகவரியை அந்தப் பெயருக்குக் கொடுக்காதீர்கள். உண்மையான மேலாண்மை முகவரியைக் கொடுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு ஹோஸ்ட்டின் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து அடுத்த ஹோஸ்ட்டில் போடும் பழக்கம் உண்டு. செய்யலாம். ஆனால் மெஷின் ஐடி, ஏஜென்ட் அமைப்புக் கோப்பில் இருக்கும் ஜியுஐடி என்ற அடையாள எண், ஸ்டோரேஜுக்கான ஐஸ்கஸி பெயர், எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் சேர்ந்தே குளோன் ஆகிவிடும். ஒரே ஜியுஐடியோடு இரண்டு ஹோஸ்ட் வந்தால் மேனேஜ்மென்ட் சர்வர் இரண்டையும் ஒன்றாக நினைக்கும். ஒன்று மேலே வந்தால் இன்னொன்று விழும். மெஷின் ஐடி ஒன்றாக இருந்தால், டிஹெச்சிபி இரண்டுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்துவிடவும் கூடும். குளோன் செய்தவுடன் முதல் வேலையாக இந்த நான்கையும் புதிதாக்குங்கள்.

லிப்விர்ட் எழுந்திருக்கிறதா?

உபுண்டு 18.04க்கு எழுதிய பழைய குறிப்பை வைத்துக்கொண்டு 20.04லோ 22.04லோ அமைப்பவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. லிப்விர்ட் 5.6 முதல் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டியின் சாக்கெட் வழியாக, யாராவது அழைக்கும்போது எழும் முறைக்கு மாறிவிட்டது. கிளவுட்ஸ்டாக்குக்கோ லிப்விர்ட் நெட்வொர்க்கில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்காக 'லிசன்' என்ற சுவிட்சைச் சேர்க்கிறோம். சாக்கெட் முறை இருக்கும்போது இந்த சுவிட்ச் செல்லாது என்று சொல்லி லிப்விர்ட் எழவே மறுத்துவிடும். சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னலில் அந்த வரி தெளிவாகவே இருக்கும், படிக்கத்தான் ஆள் வேண்டும்.

இதற்கு லிப்விர்ட்டின் ஐந்து சாக்கெட் யூனிட்டுகளையும் மாஸ்க் செய்ய (எழவே முடியாதபடி பூட்ட) வேண்டும்: பொதுவானது, வாசிக்க மட்டுமானது, அட்மின், டிஎல்எஸ், டிசிபி. டிசேபிள் செய்தால் போதாது. லிப்விர்ட் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும். மாஸ்க் செய்து லிப்விர்ட்டை மறுபடி ஏற்றிய பின், கேட்கும் போர்ட்டுகளைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாத நிலையில் 16509, சான்றிதழ் வந்தபின் 16514 தெரிய வேண்டும்.

உபுண்டுவில் நிரல்களைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மரின் லிப்விர்ட் விதிகளையும் விலக்க வேண்டும் என்பது கிளவுட்ஸ்டாக் ஆவணமே சொல்லும் படி. இதை மறந்தால் ஹோஸ்ட் சேர்ந்துவிடும், விஎம் மட்டும் எழாது. ரெட்ஹேட் குடும்பத்தில் இதே வேலையை எஸ்இலினக்ஸ் செய்யும்.

இன்னொரு சின்ன விஷயம். லிப்விர்ட் தானாகவே 192.168.122 என்று தொடங்கும் ஒரு உள் நெட்வொர்க்கை உருவாக்கும். உங்கள் அலுவலக நெட்வொர்க்கும் அதே எண் என்றால் பாக்கெட்டுகள் வழி தவறிப் போகும். நமக்கு அது தேவையில்லை, அணைத்துவிடுங்கள்.

நெட்வொர்க்: பெரும்பாலான நேரம் போகும் இடம்

பிரிட்ஜ் போடும்போது ஹோஸ்ட்டின் ஐபி நெட்வொர்க் கார்டிலிருந்து பிரிட்ஜுக்கு மாற வேண்டும். இரண்டிலும் வைத்தால் சில நிமிடம் வேலை செய்வது போலக் காட்டி, பிறகு தொடர்பு அறுந்துவிடும். சர்வர் ஒயிட்ஃபீல்டில், நீங்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்த்தான் சரி செய்ய வேண்டும். அதனால் உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் நேரடியாக 'அப்ளை' கொடுக்காமல் 'ட்ரை' கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும். பிரிட்ஜ், பாண்ட் போன்றவற்றில் அந்தத் திரும்புதல் எப்போதும் முழுமையாக நடப்பதில்லை. ஆகவே ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைக் கன்சோல் இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

பிரிட்ஜின் பெயர் கிளவுட்ஸ்டாக்கில் ஸோன் (ஒரு தளத்தின் சர்வர்கள், ஸ்டோரேஜ், நெட்வொர்க் சேர்ந்த தொகுதி) அமைக்கும்போது நெட்வொர்க்குக்குக் கொடுத்த பெயரான டிராஃபிக் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பொதுவாக கிளவுட்பிஆர்0, கிளவுட்பிஆர்1. இல்லையென்றால் ஏஜென்ட் வந்து கதவைத் தட்டிய பிறகும், இந்தப் பெயரில் நெட்வொர்க் இல்லை என்று சொல்லி மேனேஜ்மென்ட் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். லாக்கில் எந்தப் பெயரைத் தேடியது என்பதும் எழுதியிருக்கும்.

புதிதாக ஒரு கார்டைச் சொருகினால் பழைய கார்டின் பெயரே மாறிவிடுவதும் உண்டு. அந்தப் பெயர் எந்த ஸ்லாட், எந்த பஸ் என்பதிலிருந்து வருவதால், நேற்று 3 என்றிருந்தது இன்று 4 ஆகிவிடும். பிரிட்ஜ் இருக்கும், அதில் ஒட்டியிருந்த கார்டு இருக்காது. நெட்பிளானில் மேக் முகவரியைக் கொடுத்துப் பெயரைக் கட்டிவைத்தால் இந்தத் தொல்லை வராது.

சரி, ஹோஸ்ட் பிங் ஆகிறது, ஆனால் அதிலிருக்கும் விஎம்முக்கு மட்டும் நெட் இல்லை. இங்கே ஊகம் வேண்டாம், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் வேண்டும். விஎம்மிலிருந்து கேட்வேயை பிங் செய்துகொண்டே இருங்கள். பாக்கெட் போகும் பாதை இது: விஎம்மின் மெய்நிகர் கார்டு முனையான விநெட், பிரிட்ஜ், நிஜ கார்டு, சுவிட்ச். விநெட்டில் ஆர்ப் கேள்வி ('இந்த ஐபி யாரிடம் இருக்கிறது?') தெரிகிறதா? பிரிட்ஜில்? நிஜ கார்டில், நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் சரியான விலேன் எண்ணோடு? எந்த இடத்தில் கேள்வி காணாமல் போகிறதோ அங்கேதான் பழுது.

நிஜ கார்டு வரை போய் வெளியேறுகிறது, பதில் மட்டும் வரவில்லை என்றால் சுவிட்ச் பக்கம் போங்கள். போர்ட் ஆக்செஸில் (ஒரே விலேன்) இருக்கும், டிரங்காக (பல விலேன்) மாற்ற வேண்டும். அல்லது டிரங்காக இருந்தும் அந்த விலேன் அனுமதிப் பட்டியலில் இருக்காது. அல்லது ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் முகவரிதான் என்று யாரோ பாதுகாப்புக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். அப்போது ஹோஸ்ட்டின் மேக் மட்டும் போகும், விஎம்முடைய மேக் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். நெட்வொர்க் குழு தனியாக இருக்கும் கம்பெனிகளில் "நெட் வரல" என்று டிக்கெட் போடாதீர்கள். "இந்த விலேன் எண்ணோடு ஆர்ப் கேள்வி இந்தப் போர்ட்டில் வெளியே போகிறது, பதில் வரவில்லை" என்று டிசிபிடம்பின் நான்கு வரியோடு எழுதுங்கள். சுவிட்ச் பார்ப்பவர் மைசூருக்காரராக இருந்தாலும் மதுரைக்காரராக இருந்தாலும், அந்த நான்கு வரி போதும்.

பதில் நிஜ கார்டு வரை வந்தும் விநெட்டுக்குப் போகவில்லை என்றால் ஹோஸ்ட்டுக்குள்ளேயே யாரோ வடிகட்டுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஹோஸ்ட்டில் யாராவது கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் போட்டிருக்கிறார்களா? டாக்கர் வந்தவுடன் பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டுகளும் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸுக்குள் நுழையும்படி ஆகிவிடக்கூடும். ஃபார்வர்டு சங்கிலியின் பொது விதியும் 'டிராப்' என்று மாறிவிடக்கூடும். மானிட்டரிங்குக்காக என்று ஒரு சின்ன கன்டெய்னர் போட்டிருப்பார்கள், அதனால் எல்லா விஎம்முக்கும் மூச்சு நின்றுவிடும். என் கருத்து உறுதியானது: ஹோஸ்ட் என்றால் ஹோஸ்ட் வேலை மட்டும். டாக்கர் வேண்டுமென்றால் ஒரு விஎம்முக்குள் போடுங்கள்.

பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் மட்டும் பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே உறைந்து நிற்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஒரு நெட்வொர்க்கின் மேல் இன்னொன்றை ஓட்டும் விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் சேர்க்கிறது. கீழே இருக்கும் நெட்வொர்க் 1500லேயே இருந்தால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் விழுந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டும் சேர்ந்தால் 1500. ஜம்போ (9000 பைட் பாக்கெட்) போட்டிருந்தால் 8972. வழியில் ஒரு சுவிட்சில் மட்டும் 9000 போட மறந்திருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

ஏஜென்ட்: பீன்யாவில் நடந்தது

மேனேஜ்மென்ட் சர்வர் முதலில் எஸ்எஸ்ஹெச் வழியாக ஹோஸ்ட்டுக்குள் வருகிறது, அமைப்பை எழுதுகிறது, ஏஜென்ட்டைக் கிளப்புகிறது. அதன்பிறகு திசை மாறும். ஏஜென்ட்தான் மேனேஜ்மென்ட் சர்வரின் 8250 போர்ட்டைத் தேடிப் போக வேண்டும். இந்தத் திசை மாற்றம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

போகும் திசையில் பழுது என்றால் காரணம் பெரும்பாலும் ரூட் (நிர்வாகி) லாகின்தான். உபுண்டு ரூட்டைப் பாஸ்வேர்டோடு உள்ளே விடாது. உபுண்டு 22.04ல் இன்னொன்றும் உண்டு. புதிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பழைய ஆர்எஸ்ஏ கையொப்ப முறையை நிறுத்திவிட்டதால், பழைய பதிப்பு மேனேஜ்மென்ட் சர்வர் கை குலுக்க முடியாமல் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் ஒரே கிளவுட்ஸ்டாக் பதிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

பீன்யாவில் போகும் திசை சரியாகவே இருந்தது. ஏஜென்ட் எழுந்திருந்தது. ஏஜென்ட் லாக்கில் திரும்பத் திரும்ப ஒரே வரி: 8250க்குப் போக முயல்கிறேன், முடியவில்லை. தம்பி ஃபயர்வாலைத்தான் சந்தேகித்திருந்தார். நான் அந்த வரியில் இருந்த ஐபியைக் காட்டினேன். "இது யாரோட ஐபி?" அவர் ஒரு நொடி பார்த்தார். "அண்ணா, இது ஸ்டோரேஜ் நெட்வொர்க் ஆச்சே!"

அதேதான். மேனேஜ்மென்ட் சர்வரில் இரண்டு கார்டு. ஒன்று மேலாண்மைக்கு, ஒன்று ஸ்டோரேஜுக்கு. கிளவுட்ஸ்டாக்கின் குளோபல் செட்டிங்கில் 'ஹோஸ்ட்' என்று ஒரு மதிப்பு இருக்கிறது. ஏஜென்ட்டுகள் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதில் ஸ்டோரேஜ் பக்கத்து ஐபி உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு ஹோஸ்ட்டுக்கும் ஸ்டோரேஜ் கேபிள் சொருகியிருந்ததால் அந்த வழியாகவே போய்ச் சேர்ந்து, யாருக்கும் சந்தேகம் வராமல் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது சர்வரின் ஸ்டோரேஜ் கேபிள் இன்னும் ரேக்கின் பக்கவாட்டில் சுருட்டிக் கட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஒவ்வொரு முறை ஓஎஸ் போட்டபோதும், ஹோஸ்ட்டைச் சேர்த்த உடனேயே அதே தவறான ஐபி ஏஜென்ட் கோப்பில் புதிதாக எழுதப்பட்டது. முப்பது தடவை போட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

செட்டிங்கை மேலாண்மை ஐபிக்கு மாற்றி, மேனேஜ்மென்ட் சேவையை மறுபடி ஏற்றினோம். மூன்றாவது ஹோஸ்ட்டைப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தோம். ஒரு காபி வாங்கி வருவதற்குள் 'அப்' என்று பச்சை வந்துவிட்டது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பழைய இரண்டு ஹோஸ்ட்டின் ஏஜென்ட் கோப்பிலும் ஐபியை மாற்றி ஏஜென்ட்டை மறுபடி ஏற்றினோம். அதை விட்டிருந்தால், ஸ்டோரேஜ் சுவிட்ச் ஒருநாள் நின்றபோது மேலாண்மையும் சேர்ந்து போயிருக்கும்.

ஸ்டோரேஜ்

ஹோஸ்ட் பச்சையானதும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் பிரைமரி ஸ்டோரேஜ், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் என்றால், ஹோஸ்ட்டில் இருந்தபடி 'ஷோமவுண்ட்' ஓட்டி ஏற்றுமதிப் பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கையால் மவுண்ட் செய்து, ரூட்டாக ஒரு சின்னக் கோப்பை எழுதி, அழித்துப் பாருங்கள். மவுண்ட் ஆகிறது, எழுத முடியவில்லை என்றால் பெரும்பாலும் என்எஃப்எஸ் சர்வரில் 'நோ ரூட் ஸ்குவாஷ்' (ரூட்டின் உரிமையைக் குறைக்காதே என்ற தேர்வு) விடுபட்டிருக்கிறது. மவுண்ட் செய்யும்போதே தொங்கி நின்றால் 2049, 111 போர்ட்டுகளைப் பாருங்கள்.

கட்டாயம் தெரிந்து வைக்க வேண்டிய ஒன்று: கேவிஎம் ஹோஸ்ட் ஒவ்வொன்றும் என்எஃப்எஸ் பிரைமரி ஸ்டோரேஜில் அவ்வப்போது ஒரு நாடித்துடிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து எழுத முடியாமல் போனால் ஹோஸ்ட் தன்னைத் தானே ரீபூட் செய்துகொள்ளும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் எழுந்து டிஸ்க்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. இது தெரியாமல் ரேம் கெட்டுவிட்டது, பவர் சப்ளை போய்விட்டது என்று பாகம் பாகமாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ்ட் காரணமில்லாமல் ரீபூட் ஆகிறது என்றால், முதலில் அந்த நேரத்தில் என்எஃப்எஸ் சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். நள்ளிரவில் பேக்கப் ஓடி டிஸ்க் திணறியிருக்கும். ஏஜென்ட் அமைப்பில் இந்த ரீபூட்டை நிறுத்தும் வழியும் உண்டு. ஆனால் அதை நிறுத்துவது டேட்டாவைப் பணயம் வைப்பது. ஸ்டோரேஜின் வேகத்தைச் சரி செய்யுங்கள்.

இடம் மாற்றிப் பாருங்கள்

கிளவுட்ஸ்டாக் தன் வேலைக்காகத் தானே ஓட்டும் சிஸ்டம் விஎம்கள் இரண்டும் (செகண்டரி ஸ்டோரேஜுக்கு ஒன்று, கன்சோலுக்கு ஒன்று) எழுந்தனவா என்று பார்த்துவிட்டு ஒரு சின்ன விஎம்மை இந்த ஹோஸ்ட்டில் உருவாக்குங்கள். செகண்டரி ஸ்டோரேஜ் விஎம் தகராறு செய்தால், அது ஓடும் ஹோஸ்ட்டிலிருந்து 169.254 முகவரிக்கு 3922 போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் செய்து உள்ளே போய், அங்கேயே இருக்கும் 'எஸ்எஸ்விஎம் செக்' ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். டிஎன்எஸ்ஸா, என்எஃப்எஸ்ஸா, 8250ஆ என்று அதுவே சொல்லிவிடும்.

பிறகு அந்தச் சின்ன விஎம்மை ஓடும்போதே பக்கத்து ஹோஸ்ட்டுக்கு மாற்றுங்கள், திரும்பக் கொண்டு வாருங்கள். இரண்டு திசையும் முக்கியம். பழைய பிராசசரில் எழுந்த விஎம் புதியதற்குப் போய்விடும், புதியதில் எழுந்தது பழையதற்கு வராமல் போகலாம். செகண்ட் ஹேண்ட் சர்வர்களைக் கலந்து வைத்தால் இது வரக்கூடும். ஒரே மாடல் பிராசசராக இருந்தாலும், ஒன்றில் மட்டும் மைக்ரோகோட் அப்டேட் வந்து ஒரு வசதி அணைந்திருந்தால் போதும். 'விர்ஷ்' கருவியில் இரண்டு ஹோஸ்ட்டுக்கும் பொதுவான பிராசசர் மாடலைக் கண்டுபிடித்து, ஏஜென்ட் அமைப்பில் கெஸ்ட் சிபியு முறையை 'கஸ்டம்' என்று வைத்து, எல்லா ஹோஸ்ட்டிலும் அந்தப் பொது மாடலையே கொடுங்கள். பிராசசர் ஒத்திருந்தும் மாறவில்லை என்றால், ஹோஸ்ட்டுகளுக்கு இடையே 49152 முதல் 49216 வரை போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கன்சோல் திரை மட்டும் கறுப்பாக இருந்தால் 5900 முதல் 6100 வரை.

கடைசியாக மின்சாரம். கோடை மழை நேரத்தில் பீன்யாவில் கரண்ட் போகாத வாரம் அபூர்வம். அதனால் அந்த ஹோஸ்ட்டை மெயின்டனன்ஸ் நிலைக்குக் கொண்டுபோய், விஎம்கள் எல்லாம் நகர்ந்ததை உறுதி செய்துகொண்டு, சர்வரை நிறுத்தி, பவர் கேபிளைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் சொருகுங்கள். கீபோர்டைத் தொடாதீர்கள். சர்வர் தானாக எழ வேண்டும், அதற்குப் பயாஸில் ஒரு தேர்வு இருக்கிறது. தேதி சரியாக இருக்க வேண்டும். பிரிட்ஜ், லிப்விர்ட், ஏஜென்ட் மூன்றும் தாமாக வர வேண்டும். மெயின்டனன்ஸை விலக்கியதும் பச்சை வர வேண்டும். தற்காலிகமாகக் கையால் கொடுத்த கமாண்ட் ஏதாவது கோப்பில் எழுதாமல் விடுபட்டிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். பீன்யாவில் அன்று மாலை இந்தச் சோதனையில் ஒன்று மாட்டியது: மூன்றாவது சர்வரின் தேதி 2015க்குப் போய்விட்டது. தம்பி கீழே இறங்கிப் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு சிஆர்2032 வாங்கி வந்தார்.